அண்ணாச்சி கடைப் பலகையும் ஆடிக் காற்றும்



'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்ற பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உண்மையில் அம்மி பறக்குமா? பறக்காது. ஆனால் அம்மியைக் காட்டிலும் பல மடங்கு எடையுள்ள ஒரு பொருள் ஆடிக் காற்றில் பெயர்ந்து விழக்கூடும். அது கடை மாடியில் நிற்கும் விளம்பரப் பலகை.

சென்ற ஆடி மாதம் ஒரு மாலை, கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் எங்கள் தெருமுனைப் பாத்திரக் கடை அண்ணாச்சி என்னை நிறுத்தினார். கையில் நகராட்சியிலிருந்து வந்த கடிதம். கடை மாடியில் 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள பலகை வைக்க அனுமதி கேட்டிருந்தார்; மறுத்துவிட்டார்கள். "சார், இடம் என்னுது, காசு என்னுது, பலகையும் என்னுது. இதுல நகராட்சிக்கு என்ன சார் நட்டம்?" என்று கேட்டார்.

அவருடைய வருத்தம் நியாயமானதாகவே தோன்றியது. "நாளைக்குச் சொல்கிறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கடைக்கு நேர் கீழேதான் பள்ளி மாணவர்கள் பேருந்துக்கு நிற்கிறார்கள். அன்றும் பத்துப் பன்னிரண்டு பேர் புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகள் பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், விளக்கு எப்படி எரியலாம், மரம் எங்கே நட வேண்டும், கட்டடத்தின் முன் எவ்வளவு இடம் விட வேண்டும் என்றெல்லாம் விதிகள் வகுக்கின்றன. தமிழ்நாட்டின் நகரங்களில் 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் கீழ் வந்த 2023ஆம் ஆண்டின் விதிகளும், கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் நடைமுறையில் உள்ளன. இவை சட்டப் புத்தகத்தில் இருந்தாலும் இவற்றில் பலவற்றுக்கு வேர் உங்கள் இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது. அன்றிரவு நான் போட்ட கணக்குகளை நீங்களும் என்னோடு போட்டுப் பாருங்கள்.

காற்றின் கணக்கு

காற்றுக்கு நிறை உண்டு. ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிலோகிராம். நிறையுள்ள பொருள் இயங்கினால் அதற்கு இயக்க ஆற்றல் உண்டு. அதன் அளவு, நிறையில் பாதியைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கிடைப்பது. எனவே ஒரு கன மீட்டர் காற்றின் இயக்க ஆற்றல் 0.6 × திசைவேகம் × திசைவேகம். ஒரு தட்டையான பலகை குறுக்கே நின்று காற்றைத் தடுக்கும்போது, இந்த ஆற்றலே பலகையின் மீது அழுத்தமாக மாறுகிறது. ஆகவே,

காற்றின் அழுத்தம் = 0.6 × திசைவேகம் × திசைவேகம்

திசைவேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், அழுத்தம் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். இந்திய நாட்டுத் தர அளவான ஐ.எஸ். 875 நூலின் மூன்றாம் பகுதியில் பொறியாளர்கள் பயன்படுத்துவதும் இதே வாய்பாடுதான். கீழ்க்காணும் அளவுகளைக் கவனியுங்கள்.

விநாடிக்கு 10 மீட்டர் (மணிக்கு 36 கி.மீ.): 60 நியூட்டன்
விநாடிக்கு 20 மீட்டர் (மணிக்கு 72 கி.மீ.): 240 நியூட்டன்
விநாடிக்கு 30 மீட்டர் (மணிக்கு 108 கி.மீ.): 540 நியூட்டன்
விநாடிக்கு 40 மீட்டர் (மணிக்கு 144 கி.மீ.): 960 நியூட்டன்
விநாடிக்கு 50 மீட்டர் (மணிக்கு 180 கி.மீ.): 1,500 நியூட்டன்

வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. வேகம் ஐந்து மடங்கானால் அழுத்தம் இருபத்தைந்து மடங்காகிறது. 'நேற்றுக் காற்றுக்கு நின்ற பலகை இன்றைக்கும் நிற்கும்' என்ற நம்பிக்கை பொய்த்துப் போவதற்குக் காரணம் இந்த வர்க்கம்தான்.

இப்போது அம்மியையும் பலகையையும் ஒப்பிடுவோம். விநாடிக்கு 20 மீட்டர் காற்று வீசுகிறது. அம்மியின் பக்கவாட்டுப் பரப்பு 0.05 சதுர மீட்டர் என்று கொண்டால், அதன் மீது விழும் விசை 12 நியூட்டன். 50 கிலோகிராம் அம்மியின் எடையோ ஏறக்குறைய 500 நியூட்டன். அம்மி அசையாது. அண்ணாச்சி கேட்ட பலகையின் பரப்பு 18 சதுர மீட்டர். அதே காற்றில் அதன் மீது விழும் விசை 4,320 நியூட்டன். அதாவது 440 கிலோகிராம் எடையைக் கயிற்றில் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம்.

இது சாதாரணப் பலத்த காற்று. கட்டடங்களை வடிவமைக்கும்போது, ஏறக்குறைய 50 ஆண்டுக்கு ஒரு முறை எதிர்பார்க்கக்கூடிய பெருங்காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். தர அளவு நூலின்படி அந்த அடிப்படை வேகம் மதுரைக்கு விநாடிக்கு 39 மீட்டர்; மும்பைக்கு 44; சென்னைக்கு 50. எங்கள் ஊர் மதுரைக்குப் பக்கம். 39 மீட்டர் வேகத்தில் அண்ணாச்சி பலகையின் மீது விழும் விசை ஏறக்குறைய 16,400 நியூட்டன். அதாவது ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமம். (பலகையின் பின்புறம் உண்டாகும் குறைந்த அழுத்தத்தையும் சேர்த்தால் இது இன்னும் கூடும்.) இதைத் தாங்கப்போவது எது? மாடிக் கைப்பிடிச் சுவரில் போல்ட்டு போட்டு நிறுத்திய நான்கு இரும்புக் கால்கள்!

மும்பையில் நடந்தது

இது வெறும் காகிதக் கணக்கன்று. 2024ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் மாலை, மும்பையின் காட்கோபர் பகுதியில் திடீரென்று புழுதிக் காற்றும் மழையும் வீசின. மழைக்கு ஒதுங்கியும் எரிபொருள் நிரப்பவும் ஒரு பெட்ரோல் நிலையத்தில் மக்கள் கூடியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற மாபெரும் விளம்பரப் பலகை அவர்கள் மீது சாய்ந்தது. 17 பேர் இறந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் பெரும அளவு 40 அடிக்கு 40 அடி. விழுந்த பலகையின் அளவு 120 அடிக்கு 120 அடி. 'மூன்று மடங்குதானே பெரிது' என்று நினைத்துவிடாதீர்கள். பக்கம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு. எனவே காற்றின் விசையும் ஒன்பது மடங்கு. அத்துடன் நின்றுவிடவில்லை. பலகையைச் சாய்ப்பது விசை மட்டுமன்று, விசையின் திருப்புத்திறன். திருப்புத்திறன் என்பது விசையையும், அது செயற்படும் உயரத்தையும் பெருக்கிக் கிடைப்பது. தரையிலிருந்தே எழும் பலகை என்று எளிமையாகக் கொண்டால், காற்றின் விசை பலகையின் நடுவில் செயற்படுகிறது. உயரம் மூன்று மடங்கானால் நடுப்புள்ளியின் உயரமும் மூன்று மடங்கு. ஆகவே அடித்தளத்தைப் பெயர்க்கும் திருப்புத்திறன் 9 × 3 = 27 மடங்கு! விதியில் எழுதிய '40 அடி' என்ற சிறு எண்ணுக்குள் இத்தனை பொருள் இருக்கிறது.

அந்த விபத்தை மும்பையின் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவன வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். அடித்தளம் போதுமானதாக இல்லை என்றும், மணிக்கு 49 கி.மீ. காற்றை மட்டுமே அந்த அமைப்பால் தாங்க முடிந்திருக்கும் என்றும், அன்று வீசியது 87 கி.மீ. என்றும், தாங்கியிருக்க வேண்டியது 158 கி.மீ. என்றும் அவர்களின் அறிக்கை கூறியதாகச் செய்தித்தாள்களில் வந்தது. 158 கி.மீ. என்பது வேறொன்றுமில்லை; மும்பைக்கு நாம் மேலே கண்ட விநாடிக்கு 44 மீட்டர்தான். 49ஐயும் 87ஐயும் நம் வாய்பாட்டில் இட்டுப் பாருங்கள். வேகம் இரு மடங்குகூட இல்லை; ஆனால் அழுத்தம் மூன்று மடங்குக்கும் மேல்!

பலகை பெரிதாக இருந்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. 2019 செப்டம்பர் 12ஆம் நாள் சென்னைப் பள்ளிக்கரணையில், சாலை நடுத்திட்டில் அனுமதியின்றிக் கட்டியிருந்த ஒரு பிளெக்ஸ் தட்டி காற்றில் சரிந்து, இரு சக்கர வண்டியில் வந்த இளம்பெண் பொறியாளர் ஒருவர் மீது விழுந்தது. நிலை குலைந்து சாலையில் விழுந்த அவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவர் உயிரிழந்தார். தட்டியின் எடை அவரைக் கொல்லவில்லை. அது இருந்த இடம் கொன்றது. பலகை எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்று விதி கூறுவது இதனால்தான்.

'தட்டியில் ஆங்காங்கே ஓட்டை போட்டால் காற்று போய்விடுமே' என்று நீங்கள் கேட்கலாம். அண்ணாச்சியும் கேட்டார். ஓட்டைகளின் மொத்தப் பரப்பு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு விசைதான் குறையும். பத்தில் ஒரு பங்கு ஓட்டை போட்டால் பத்தில் ஒரு பங்கு விசை குறையலாம். மீதி ஒன்பது பங்கு அப்படியே இருக்கும்.

கண்ணின் கணக்கு

அப்படியானால் வியாபாரம் எப்படி நடக்கும்? பலகை தெரிய வேண்டாமா? வேண்டும். ஆனால் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும்?

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியில் உள்ள இரு கோடுகளைப் பிரித்துக் காணும். கண் மருத்துவரிடம் உள்ள எழுத்துப் பட்டியில் முள்கரண்டி போன்ற ஆங்கில எழுத்து ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். மூன்று கோடுகள், இரண்டு இடைவெளிகள், ஆக ஐந்து பட்டைகள். ஆகவே அந்த எழுத்து முழுவதும் ஒரு பாகையில் அறுபதில் ஐந்து பங்கு கோணத்தில் தெரிந்தால்தான் அதைப் படிக்க முடியும். இதைத் தொலைவாக மாற்றினால்,

எழுத்தின் குறைந்த அளவு உயரம் = தொலைவு × 0.00145

30 மீட்டர் அகலத் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்க, 4.4 சென்டிமீட்டர் எழுத்தே போதும். இது எல்லை, கண்ணைச் சுருக்காமல் வசதியாகப் படிக்க மூன்று மடங்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் 13 சென்டிமீட்டர்தான்! நம் தமிழ் எழுத்துகளில் 'ண', 'ழு' போன்றவற்றில் சுழிகளும் கோடுகளும் மிகுதி. எத்தனை பட்டைகள் என்று எண்ணிப் பாருங்கள். அதே தொலைவில் படிக்கத் தமிழ் எழுத்துக்குச் சற்றுக் கூடுதலான அளவு தேவை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப் பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும். தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்பது அரசு கூறும் பங்கு. அது மொழிக்காக வந்த விதி. ஆனால் கண்ணின் கணக்கும் அதற்கு ஒத்தே வருகிறது.

பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரம் 2006ஆம் ஆண்டு இயற்றி 2007ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்திய 'தூய நகரம்' சட்டம், வெளிப்புற விளம்பரப் பலகைகளை அடியோடு நீக்கியது. கடைகளின் பெயர்ப் பலகைக்கும் அளவு வைத்தது. 10 மீட்டருக்குக் குறைந்த முகப்புள்ள கடைக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் பலகை மட்டுமே. கடை எது என்று கண்டுபிடிக்க அவ்வளவே போதும் என்பதை நம் கணக்கிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம். எல்லோரும் உரக்கக் கத்தும் வகுப்பில் யார் சொல்வதும் கேட்பதில்லை அல்லவா? பலகைகளும் அப்படித்தான்.

தெருமுனையின் கணக்கு

முனையில் உள்ள மனையின் மூலையைச் சாய்வாக வெட்டி விடச் சொல்வதும், அங்கே உயரமான வேலியோ புதரோ பலகையோ வேண்டாம் என்பதும் பல ஊர்களில் உள்ள விதி. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் செல்கிறது. குறுக்கே ஓர் ஆளைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் வண்டி 11 மீட்டர் போய்விடும். அதன்பின் உராய்வினால் நிற்க இன்னும் 12 அல்லது 13 மீட்டர். ஆக 24 மீட்டர் முன்னதாகவே ஆள் தெரிய வேண்டும். முனையில் ஒரு தட்டி மறைத்தால் இந்த 24 மீட்டர் 5 மீட்டராகிவிடும். அழகுக்காக வைத்த செடியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஒளியின் கணக்கு

பலகையில் விளக்கு எரிவதற்கும் விதி உண்டா? உண்டு. அதற்குச் சுவையான வரலாறும் உண்டு.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பிளாக்ஸ்டாப் என்பது ஒரு மலை நகரம். அங்கே 1894ஆம் ஆண்டு லோவெல் வானாய்வகம் அமைந்தது. 1930ஆம் ஆண்டு புளூட்டோவைக் கண்டுபிடித்த இடம் அதுவே. பின்னாளில் கடைகள் வாடிக்கையாளர்களைக் கவர வானை நோக்கித் தேடொளி விளக்குகளைச் சுழற்றத் தொடங்கின. தொலைநோக்கிகளுக்குள் அந்த ஒளி புகுந்தது. 1958ஆம் ஆண்டு அந்த நகராட்சி விளம்பரத் தேடொளி விளக்குகளுக்குத் தடை விதித்தது. ஒரு சிறு நகராட்சி, விண்மீன்களுக்காக இயற்றிய விதி! 2001ஆம் ஆண்டு உலகின் முதல் 'இருள் வான் நகரம்' என்ற சிறப்பை அந்த நகரம் பெற்றது.

மேல் நோக்கிச் செல்லும் ஒளி ஏன் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது? காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தெரியும் அதே ராலே சிதறல்தான். சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். 600 நானோமீட்டர் மஞ்சள் ஒளியைவிட 450 நானோமீட்டர் நீல ஒளி மூன்று மடங்குக்கு மேல் சிதறும். நீலம் மிகுந்த வெள்ளை எல்.இ.டி. பலகைகள் இரவு வானை வெளிறச் செய்வதற்கு இது ஒரு காரணம். எனவே பிளாக்ஸ்டாப் போன்ற நகரங்களின் விதிகள் மூன்றைக் கேட்கின்றன. விளக்குக்கு மேல் மூடி வேண்டும். ஒளி தரையை நோக்கி விழ வேண்டும். இயன்றவரை மஞ்சள் நிற ஒளி வேண்டும். மேலே போகும் ஒளி வீண். அதற்கும் மின்கட்டணம் உண்டு என்பதை மறவாதீர்கள்.

நம் மாநிலத்திலும் இது தொலைவான செய்தி அன்று. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில், ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே 1986ஆம் ஆண்டு முதல் வானை நோக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு வேண்டிய இருளைக் கெடுக்கக்கூடியவை சுற்றியுள்ள ஊர்களின் விளக்குகள்தாம். சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள் கடலை விட்டுத் தெரு விளக்கை நோக்கி நகர்ந்து மடிவதும் இதே தவறான ஒளியினால்தான்.

மரத்தின் கணக்கு

அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரம் 1983ஆம் ஆண்டு ஒரு விதி செய்தது. வண்டி நிறுத்துமிடம் அமைப்பவர் மரங்கள் நட வேண்டும். 15 ஆண்டுகளுக்குள் தளத்தின் பாதிப் பரப்பு நிழலாக வேண்டும். ஏன்?

கரிய தார்த் தளம் தன் மீது விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது. மரம் செய்வது வேறு. இலைகள் நீரை ஆவியாக்குகின்றன. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 24 இலட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். இதுவே உள்ளுறை வெப்பம். நன்கு நீர் கிடைக்கும் ஒரு பெரிய மரம் பகலில் 100 லிட்டர் நீரை ஆவியாக்குவதாகக் கொள்வோம். அது சுற்றுப்புறத்திலிருந்து எடுக்கும் வெப்பம் 24 கோடி ஜூல். 12 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 5,500 ஜூல். ஒன்றரை டன் குளிர்சாதனப் பொறி ஒன்று அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் குளிர்சாதனப் பொறி அந்த வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது, மரம் கொட்டுவதில்லை.

தமிழ்நாட்டின் விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக உள்ள நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். அந்த இடத்தில் மரம் இருந்தால் இந்தக் கணக்கு நடக்கும்; அதையும் சிமென்ட்டால் மூடிவிட்டால் நடக்காது. மழை நீரும் மண்ணில் இறங்காது.

நிழலின் கணக்கு

ஓர் ஊரின் விதியை அப்படியே வேறோர் ஊருக்குக் கொண்டு செல்லலாமா? நியூயார்க் நகரில் 1915ஆம் ஆண்டு ஈக்விடபிள் கட்டடம் எழுந்தது. உயரம் ஏறக்குறைய 164 மீட்டர். அதன் நிழல் அண்டை வீதிகளை இருளாக்கியதால் மக்கள் குறைபட்டார்கள். மறு ஆண்டே, அதாவது 1916இல், கட்டடம் உயர உயரத் தெருவிலிருந்து பின்வாங்க வேண்டும் என்ற விதி வந்தது.

டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் நியூயார்க்கில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 26 பாகை உயரத்தில்தான் இருக்கும். 164 மீட்டர் கட்டடத்தின் நிழல் அப்போது ஏறக்குறைய 340 மீட்டர் நீளும். அதே நாளில் சென்னையில் சூரியன் 53 பாகைக்கு மேல் இருக்கும். நிழல் ஏறக்குறைய 120 மீட்டர். குளிர்நாட்டார் வெயிலுக்காக விதி செய்தார்கள். நமக்கு வேண்டியது பெரும்பாலும் நிழலும் காற்றோட்டமும். இயற்பியல் ஒன்றே, அட்சரேகை வேறு. எனவே விதியும் வேறாக வேண்டும்.

எல்லா விதிகளும் இயற்பியலிலிருந்து வந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. பலகை என்ன நிறத்தில் இருக்க வேண்டும், தெரு பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும் என்பவை மக்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியவை. அங்கே அண்ணாச்சிக்கும் ஒரு குரல் உண்டு. ஆனால் காற்றின் வர்க்கத்தை எந்தக் கூட்டத்திலும் வாக்கெடுத்து மாற்ற முடியாது.

அண்ணாச்சியின் முடிவு

மறுநாள் கணக்குத் தாளோடு கடைக்குப் போனேன். ஒன்றரை டன் என்ற எண்ணை அவர் முதலில் நம்பவில்லை. "காத்துக்கு அவ்வளவு எடையா சார்?" என்றார். பரீட்சை அட்டை ஒன்றை மேசை விசிறிக்கு முன் பிடிக்கச் சொன்னேன். முதலில் விளிம்பைக் காட்டி, பிறகு முகத்தைக் காட்டி. கை பின்னால் போனதும் சிரித்துவிட்டார்.

பிறகு இருவரும் உட்கார்ந்து வேறு பலகைக்குக் கணக்குப் போட்டோம். மாடியில் வேண்டாம், கடை முகப்புச் சுவரோடு ஒட்டி, 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரம். பின்னால் சுவர் இருப்பதால் அதைக் காற்று சாய்க்க முடியாது. 30 சென்டிமீட்டர் தமிழ் எழுத்து. நம் வாய்பாட்டின்படி ஏறக்குறைய 70 மீட்டர் தொலைவிலிருந்து வசதியாகப் படிக்கலாம். எங்கள் கடைத்தெருவின் மொத்த நீளமே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மேலே மூடியுள்ள இரண்டு விளக்குகள், ஒளி கீழ் நோக்கி. அதற்கு அனுமதியும் கிடைத்தது.

"இதை முதல்லயே அந்தக் கடிதத்துல எழுதியிருந்தா நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேனே சார்" என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னது சரிதான். காரணம் தெரியாத விதி தடையாகத் தோன்றுகிறது. அந்தக் காரணத்தை எடுத்துச் சொல்ல உங்களால் முடியும். அதற்கு வேண்டிய இயற்பியலை நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு தபால் அட்டை அளவுள்ள அட்டையை நூலில் கட்டி மேசை விசிறிக்கு முன் தொங்கவிடுங்கள். செங்குத்திலிருந்து எத்தனை பாகை விலகுகிறது என்று கோணமானியால் அளவிடுங்கள். விசிறியின் வேகத்தை மாற்றி மீண்டும் அளவிடுங்கள்.

2. 3 சென்டிமீட்டர் உயரத்தில் 'ண', 'ட' என்ற இரு எழுத்துகளைத் தனித்தனித் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நண்பர் ஒருவர் பின்னால் நடந்துகொண்டே போகட்டும். எந்த எழுத்து முதலில் தெரியாமல் போகிறது? எத்தனை மீட்டரில்?

3. நண்பகலில் மர நிழலிலும், அருகில் வெயில் படும் தார்ச் சாலை ஓரத்திலும் வெப்பநிலைமானி வைத்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டிகள் செல்லும் பாதையில் இறங்க வேண்டாம்.

கணக்கிடுங்கள்

1. 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள பலகையின் மீது விநாடிக்கு 30 மீட்டர் வேகக் காற்று செலுத்தும் விசை எவ்வளவு?

2. 50 மீட்டர் தொலைவிலிருந்து வசதியாகப் படிக்க எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

3. மதுரையில் பாதுகாப்பாக நிற்கும்படி வடிவமைத்த பலகையை அப்படியே சென்னையில் நிறுத்தினால், அது தாங்க வேண்டிய அழுத்தம் எத்தனை மடங்கு?

விடைகள்: 1) 1,620 நியூட்டன். 2) ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். 3) ஏறக்குறைய 1.64 மடங்கு.

இவற்றை முடித்தபின் நான்காவதாக ஒன்று. நீங்கள் நாள்தோறும் பேருந்துக்கு நிற்கும் இடத்தில் அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் பலகை இருந்தால் அதன் நீள உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, உங்கள் ஊர்க் காற்றுக்குக் கணக்குப் போடுங்கள். விடை பெரிதாக வந்தால், முதல் வேலையாகச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். இரண்டாவதாக, அந்தக் கணக்கை உங்கள் அறிவியல் ஆசிரியரிடமும், அவர் வழியாக நகராட்சியிடமும் கொண்டு செல்லுங்கள்.